வெள்ளை மிக்சரும் வீரமுத்து அண்ணன் முனகலும்

தடுப்பு முகாம் மருந்தறையில் மொழிபெயர்க்கிற வேலை என்பது, அடுத்தவன் வயிற்றுவலியை நம் வாயால் சொல்வது. கம்பிவேலிக்குள் கிடந்தவர்களே, வெளியில் இருந்தும் தோட்டத்து மருந்து மிக்சர் குடித்தவர்களே, உங்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

வேலைக்கு வந்த வழி

எங்கள் ரப்பர் தோட்டம் மலாயாவில், அலோர் காஜா பக்கம். ஒருநாள் காலைப் பெரட்டில், பேர் கூப்பிடுவதற்காக எல்லாரும் வரிசை பிடித்து நிற்க, நான் மரத்துக்குப் பின்னால் போய்க் கங்காணி குரலில், "இன்னிக்கு வேல இல்ல, எல்லாம் வீட்டுக்குப் போங்க" என்றேன். மூக்கால் பேசுவது, நடுவில் காறுவது எல்லாம் அச்சு அசல். மொத்த டிவிஷனும் கலைந்து போய்விட்டது. நிஜக் கங்காணி வந்தபோது அங்கே ஒரு நாய் மட்டும் நின்றது.

வெள்ளைக்காரன் காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளைத் தேடிக்கொண்டிருந்த அவசரகாலம் இல்லையா, ஆபீசில் இதை வேலைநிறுத்தம் என்று சொல்லிவிட்டார்கள். பதினேழு வயதில் நான் தடுப்புக் காவல் கைதி. விசாரித்த இன்ஸ்பெக்டருக்கு அவர் குரலிலேயே பதில் சொல்லிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. "காட்டுல யாருடா ஒனக்கு இதுக்குப் பயிற்சி குடுத்தது?" என்றார்.

இருமல்

தமிழ், மலாய், கடைத்தெருச் சீனம், உடைந்த இங்கிலீஷ் எல்லாம் வரும் என்பதால் என்னை மருந்தறையில் போட்டார்கள். அங்கே மருந்து கொடுக்கும் டிரெசர் யாழ்ப்பாணத்துக்காரர், கசங்காத வெள்ளைச் சட்டை. மருந்து இரண்டே இரண்டு. வயிற்றுக்கு வெள்ளை மிக்சர், நெஞ்சுக்குச் சிவப்பு மிக்சர். இரண்டுக்கும் நடுவில் வலித்தால் டிரெசர் கொஞ்சம் யோசிப்பார்.

காய்கறி பயிரிடும் சீனக் கைதி ஒருவர் இருமல் என்று வந்தார். வந்த இடத்தில் இருமல் வரவில்லை. எனக்குப் பொறுமை ஏது? அவர் கொட்டகையில் இருமும் இருமலை நானே இருமிக் காட்டினேன். முதலில் சின்னதாக இரண்டு, அப்புறம் லோரி மேடு ஏறுகிற மாதிரி ஒன்று. சீனர் அதேதான் என்று தலையாட்டினார். டிரெசர் சிவப்பு மிக்சரை அளந்து என் கையில் கொடுத்தார். "இருமினது நீர்தானே தம்பி? குடியும்."

ஒரு பிடி சோறு

தகரக் கொட்டகையில் எனக்கு அடுத்த பலகை வீரமுத்து அண்ணனுடையது. மதியம் தகரம் சுடும், பலகை இடுக்கில் மூட்டைப்பூச்சி. சாப்பாடு ஒருநாள் சோறும் கருவாடும், மறுநாள் கருவாடும் சோறும்.

அண்ணன் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கிறவர். காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்குப் போய்விடும் என்று, வேலைக்குச் சோறு எடுத்துப்போகத் தடை போட்டிருந்தார்கள். அண்ணன் பசி தாங்காதவர். மடியில் ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு போனார், பிடித்துவிட்டார்கள். "ஒரு பிடி சோத்துக்குப் பிடிச்சிட்டு வந்து, இப்ப தட்டு தட்டா போடுறானுங்க. யாரத் தண்டிக்கிறானுங்கன்னே தெரியலலா."

நல்லாயிருக்கு தொர

அப்படிப்பட்டவர் சோற்றைத் தொடாமல் ஒதுக்கியபோதுதான் எனக்குப் பயம் வந்தது. வலது விலாவுக்குக் கீழே வலி, விடாத காய்ச்சல். விழித்திருக்கும்போது வாயே திறக்கமாட்டார், மதியத் தூக்கத்தில் மட்டும் முனகுவார். வெள்ளை மிக்சருக்கு வலி கேட்கவில்லை. மலாக்கா பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் ஆள் பிழைப்பார் என்றார் டிரெசர். அனுப்பும் அதிகாரம் வியாழக்கிழமை வரும் வெள்ளைக்கார டாக்டருக்குத்தான்.

டாக்டர் வந்தார். சுருண்டு கிடந்த அண்ணன் எழுந்து, கையைத் தொடையோடு ஒட்டிக் கம்பம் மாதிரி நின்று, "நல்லாயிருக்கு தொர" என்றார். வலிக்கிறதாம் என்று நான் சேர்த்தேன். அண்ணன் பலமாகத் தலையை ஆட்டி மறுத்தார். காய்ச்சல் இருக்கிறது என்றார் டிரெசர். டாக்டர் மலேரியாவுக்கான கொய்னாவைக் கொடுக்கச் சொல்லி, அவன் சொல்வதை மட்டும் சொல் என்று என்னை அதட்டிவிட்டுப் போனார்.

"ஏண்ணே இப்புடிப் பண்ணுன?"

"தோட்டத்துப் பெரட்டுல ஒடம்பு முடியலன்னா பேரு போடமாட்டாங்க, கூலி போச்சு. தொர மூஞ்சியப் பாத்தா வாய் தானா சொல்லுதுடா."

அடுத்த வியாழன்

அண்ணனை நிறுத்தவே இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. அப்போதும், "நல்லாயிருக்கு தொர." ஒரு சொல் கூட்டாமல் அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். டாக்டர் குனிந்து வயிற்றில் கைவைத்தார். நான் உதடு அசையாமல் அண்ணனின் மதிய முனகலை எடுத்துவிட்டேன். அடித்தொண்டையில் தொடங்கி, மூக்கில் ஏறி, கடைசியில் "யம்மா" என்று உடைகிற முனகல். டாக்டர் கை நின்றது. மறுபடி அழுத்தினார், மறுபடி முனகினேன். யாருக்கு என்ன வலியோ என்று அண்ணனே திரும்பிப் பார்த்தார்.

டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், பிறகு டிரெசரைப் பார்த்தார். மாட்டினேன் என்று நினைத்தேன். என் இருமல் சங்கதி தெரிந்தவர் ஆயிற்றே. டிரெசர் சட்டைக் கழுத்தைச் சரிசெய்துகொண்டு, பகல் முழுக்க இந்த ஆள் இப்படித்தான் முனகுகிறார் என்று சுத்த இங்கிலீஷில் சொன்னார்.

அன்றே லோரி வந்தது. அது கேட்டைத் தாண்டும்வரை பார்த்திருந்த டிரெசர் என் பக்கம் திரும்பாமல் சொன்னார்: "கடைசி முனகல் கொஞ்சம் கூடிப்போச்சு தம்பி."

திரும்பி வந்தவர்

ஈரலில் சீழ் கட்டியிருந்ததாம், எடுத்துவிட்டார்கள். அண்ணன் ஒரு தழும்போடும் பழைய பசியோடும் வந்து சேர்ந்தார். கொட்டகையே கேட்டதால் அந்த முனகலை மறுபடி நடித்துக் காட்டினேன். அண்ணன் கருவாட்டைத் தட்டில் வைத்துவிட்டு, கடைசி "யம்மா" வரை பொறுமையாகக் கேட்டார். "சீ, நானா இருந்தா இவ்வளவு அசிங்கமா மொனகமாட்டேன்டா."

அடுத்தவன் வலியை நம் வாயால் சொல்கிற இந்தத் தொழிலில், டாக்டரைக்கூடத் திருப்திப்படுத்திவிடலாம், வலிக்கிறவனைத்தான் முடியாது.