குடையக்கா பார்த்த பாதி நாடகம்

இருபத்திரண்டு வருடமாக ஒரே நாடக அரங்கில் வேலை பார்க்கிறவள், அந்த அரங்கின் பேர்போன நாடகத்தை ஒரு நாள்கூட உட்கார்ந்து பார்த்ததில்லை என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும், ஆள் அப்படி. பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, எல்லோருக்கும் அவள் குடையக்கா. வாசலுக்கு இடது பக்கம், மாடிப்படிக்குக் கீழே ஒரு மரத் தடுப்பு. அதற்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிறவர்களின் குடையையும் பையையும் வாங்கி வைத்துக்கொண்டு, எண் பொறித்த பித்தளை வில்லையைக் கொடுப்பாள். ஆட்டம் முடிந்ததும் வில்லையை வாங்கிக்கொண்டு பொருளைத் திருப்பிக் கொடுப்பாள். மழை நாளில் இருநூறு கறுப்புக் குடை வரும். ஒருவர் குடை இன்னொருவர் கைக்குப் போகாது.

ஒரே ஒரு தடவை போயிருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், உள்ளே என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று பத்து நிமிடம் எட்டிப் பார்க்கப் போனாள். திரும்புவதற்குள் ஒரு குடையைக் காணோம். குடைக்குச் சொந்தக்காரர் போட்ட சத்தத்தில் மேலாளரே ஓடிவந்தார். இவளாகத்தான் சபதம் போட்டுக்கொண்டாள், ஆட்டம் நடக்கும்போது இனி இந்த இடத்தை விட்டு அசைய மாட்டேன் என்று. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற பிறவி. கட்டிய புருஷனுக்கே அதில் பயம் உண்டு.

மழைக்காலம் வந்தால் ஆறு வாரத்துக்கு அந்தப் பழைய சோக நாடகம்தான். கோட்டைக் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே அண்ணன், வெளியே தம்பி. மன்னிப்புக் கேட்டால்தான் திறப்பேன் என்று இவன், திறந்தால்தான் கேட்பேன் என்று அவன். கடைசியில் எதிரிப் படை வந்து, தம்பி வாசலிலேயே செத்துப்போவான். இவ்வளவையும் குடையக்கா தெரிந்துகொண்டது, ஆட்டம் விட்டதும் தன் முன்னால் வரிசையில் நிற்பவர்கள் பேச்சிலிருந்துதான். அதுவும் அரைகுறை. எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ‘அந்தக் கிழவன்’ என்றதால், அண்ணன்தான் கிழவன் என்று ஆறு வருடம் நினைத்துக்கொண்டிருந்தாள். அது வாயில்காவலன் என்று ஒப்பனைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது.

கதை அரைகுறையாக வந்தாலும் நீதி முழுசாக வந்தது. நாடகம் பார்த்துவிட்டுச் சும்மா வீட்டுக்குப் போகிற ஆள் யார்? வக்கீல் ஒருவர், ஆரம்பத்திலேயே எழுதி வாங்கியிருந்தால் இந்த வினை வந்திருக்காது என்பார். பள்ளிக்கூட ஆசிரியை, நாளைக்கு ஆளுக்குப் பத்து நீதி எழுதிக்கொண்டு வர வேண்டும் என்று பிள்ளைகளின் அழுகையை ஒரே வார்த்தையில் நிறுத்துவார். மாமியார் மருமகளுக்குக் கேட்கிற மாதிரி, சின்னவங்கதான் இறங்கிப் போகணும் என்பாள். மருமகள் கூரையைப் பார்த்தபடி, பெரியவங்க பெரியவங்களா நடந்துக்கிட்டா ஏன் இந்தக் கதி என்பாள். ஊருக்குத்தானடி உபதேசம், உனக்கில்லையடி கண்ணே. குடையை மட்டும் பார்த்துப் பார்த்துத் தன்னுடையதையே வாங்கிக்கொண்டு போகிறவர்கள், நீதியை மட்டும் பக்கத்தில் இருப்பவர் கையில் திணித்துவிட்டுப் போவார்கள்.

குடையக்காவும் ஒன்றை எடுத்து வைத்திருந்தாள். அவளுக்குப் பிடித்தது மாமியார் சொன்ன நீதி.

ஏனென்றால் அவளுக்கு ஒரு தங்கை உண்டு. ஒன்பது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அம்மா படுக்கையில் கிடந்த மூன்று மாதமும் அக்காதான் பார்த்தாள். தங்கைக்கு வேலையில் விடுப்புக் கிடைக்கவில்லை. கிடைத்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அழுதுகொண்டே உள்ளே வந்தவளை, நாலு பேர் நடுவில், “வேடிக்கை பாக்க வந்தியா?” என்று கேட்டுவிட்டாள் அக்கா. தங்கை வந்த வழியே திரும்பினாள். தண்ணீர்கூடக் குடிக்காமல் போனாள்.

ஒரே ஊர், இரண்டு பேருந்து மாறினால் வீடு. ஆனாலும் போகவில்லை. புருஷன் எப்போதாவது பேச்செடுத்தால் பதில் தயாராக இருக்கும்: “அவ ஒரு தடவையாவது கூப்பிட்டாளா? சின்னவதானே இறங்கி வரணும்?” பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்ற அந்த மனுஷனும், இறங்க வேண்டிய இடம் வந்தால் பெரியவர் சின்னவர் பார்க்கக் கூடாது என்று முணுமுணுத்துவிட்டுச் செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார்.

இந்த வருடம், நாடகம் ஆரம்பித்த இரண்டாவது சனிக்கிழமை, மரத் தடுப்புக்கு முன்னால் தங்கையின் மகள் வந்து நின்றாள். கையில் குடை இல்லை, பையும் இல்லை.

“பெரியம்மா, வர்ற செவ்வாய்க்கிழமை அம்மா வெளிநாடு போறாங்க. அங்க இருக்கிற எங்க அண்ணன்கூடவே இருந்துடப் போறாங்க. இனிமே திரும்பி வர்ற மாதிரி இல்ல.” போகத் திரும்பியவள் நின்று சொன்னாள். “நான் வந்தது அம்மாவுக்குத் தெரியாது.”

குடையக்கா தலையை மட்டும் ஆட்டினாள். தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் அல்லவா? அன்று சாயங்காலம் பதினாலாம் எண்ணுக்கு நாற்பதாம் எண் குடையை நீட்டினாள். வாங்கியவர் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் ஞாயிறு, பகல் ஆட்டம். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. வந்து சேர்ந்தது ஐந்தே பை. டிக்கெட் கிழிப்பவரைக் கூப்பிட்டு, கொஞ்ச நேரம் இங்கே உட்காருகிறீர்களா, உள்ளே போய்ப் பார்க்கிறேன் என்றாள். அவர் காதை நம்பாமல் இரண்டு தடவை கேட்டார். உண்மையில் அவள் போனது நாடகம் பார்க்க இல்லை. தப்பு தம்பி மேல்தான் என்று கண்ணால் பார்த்துவிட்டால், செவ்வாய்க்கிழமையை நிம்மதியாகக் கழித்துவிடலாம் என்றுதான்.

கடைசி வரிசையில் ஓரமாக உட்கார்ந்தாள். மேடையில் அண்ணன் தனியாக உட்கார்ந்து வாளைத் துடைத்துக்கொண்டிருந்தான். அப்போது கதவு ஒரு முறை தட்டப்பட்டது. பலமாகக்கூட இல்லை.

“யாரோ தட்டுகிறார்கள், பிரபு” என்றான் கிழட்டுக் காவலன்.

“தெரியும். தம்பிதான். இன்னொரு முறை தட்டட்டும்.”

காவலன் கதவையே பார்த்தான். அரங்கமே பார்த்தது. இன்னொரு முறை யாரும் தட்டவில்லை. அண்ணன் மறுபடி வாளைத் துடைக்க ஆரம்பித்தான்.

அவ்வளவுதான் அந்தக் கட்டம். இருபத்திரண்டு வருடத்தில் வரிசையில் நின்ற ஒருவர்கூட இதைச் சொன்னதில்லை. குடையக்கா மேடையை விட்டுத் தன் கையைப் பார்த்தாள்.

நாலு வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம், மரத் தடுப்பின் மேல் இருந்த அவள் கைப்பேசி ஒரே ஒரு மணி அடித்து நின்றது. பெயர் போட்டு வைக்காவிட்டாலும் தங்கையின் எண் மனப்பாடம். எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். வேண்டுமென்றால் மறுபடி கூப்பிடட்டும் என்று நினைத்தாள். ஆட்டம் முடிந்து கூட்டம் கலைகிற வரைக்கும் கையிலேயே வைத்திருந்தாள். அது மறுபடி அடிக்கவில்லை. புருஷனிடம்கூட இதைச் சொன்னதில்லை. சொன்னதெல்லாம், ஒரு தடவையாவது கூப்பிட்டாளா என்பதுதான். பொய். வடிகட்டிய பொய்.

தம்பி சாகிறதைப் பார்க்க அவள் உட்காரவில்லை. வெளியே வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். ஆட்டம் விட்டதும் ஐந்து பையையும் எண் பார்த்து எடுத்துக் கொடுத்தாள். தம்பிக்கு அவ்வளவு வீம்பு ஆகாது என்று ஒருவர் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். குடையக்கா தலை நிமிரவில்லை. இரண்டு பேருந்து மாறி, வெயில் தாழ்வதற்குள் தங்கை வீட்டு மாடிப்படி ஏறினாள்.

சின்ன வயதிலிருந்தே அவள் கதவை விரலால் தட்ட மாட்டாள், உள்ளங்கையால் அறைவாள். கதவுக்கு வலிக்கும் என்று அம்மா திட்டுவாள். இன்றைக்கும் கை அப்படியே போயிற்று. ஒரு அறை.

உள்ளே காலடிச் சத்தம் கதவு வரை வந்தது. வந்து நின்றுவிட்டது.

குடையக்காவுக்கு முகம் சுருங்கியது. கால் தானாக ஒரு படி கீழே இறங்கியது. பழைய ஆளாக இருந்தால் அந்நேரம் தெருமுனைக்கே போயிருப்பாள். அந்தப் படியிலேயே நின்று மூச்சு வாங்கினாள். திரும்ப ஏறி, இன்னொரு முறை அறைந்தாள்.

கதவு உடனே திறந்தது. தங்கைக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது.

“மொதல் தடவை தட்டினப்பவே நீதான்னு தெரிஞ்சுது” என்றாள் தங்கை.

“தெரிஞ்சும் ஏன்டி திறக்கல?”

“இன்னொரு தடவை தட்டுறியான்னு பாத்தேன்க்கா.”

குடையக்காவுக்குக் கோபம் வரவில்லை. “நானும் அப்படித்தான்டி பாத்துக்கிட்டு இருந்தேன். நாலு வருஷமா, அந்த ஃபோனை வச்சுக்கிட்டு. அம்மா போன அன்னைக்கு நான் கேட்டது தப்புடி, பெரிய தப்பு” என்றாள்.

தங்கை அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். உட்கார இடம் இல்லை, நாற்காலியெல்லாம் பயணத்துக்குக் கட்டி வைத்த மூட்டைகள். ஒன்றைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு, அக்காவை உட்கார வைத்தாள்.