ஏட்டையாவுக்கு ஒரு கேஸ்

நத்தம் சாலையில் பஸ் பஞ்சர். ஸ்டெப்னியும் பஞ்சர் என்பதைக் கண்டக்டர் ஏதோ நல்ல சேதி போல அறிவிக்கிறார். எல்லோரும் புளியமரத்தடி இட்லிக் கடைக்குள் புகுகிறோம்.

மதுவிலக்கை எடுத்துவிட்டு அரசாங்கமே சாராயக் கடை திறந்ததால் குற்றம் குறையும் என்று திண்டுக்கல்லிலிருந்து என்னோடு வாதாடிவரும் வாத்தியார், இங்கேயும் விடுவதாக இல்லை.

இட்லி வைக்கும் பாப்பாத்தி சிரிக்கிறாள். "எங்கிட்ட கேளுங்க சார். இந்த ஊருக்கே நாந்தேன் திருட்டுச் சாராயம் காய்ச்சுனேன். அஞ்சு தடவ ஜெயிலுக்குப் போயிருக்கேன். கவர்மெண்டு கடை வந்ததும் ஒரு பய எட்டிப் பாக்கல. அதேன் இட்லிக்கு வந்துட்டேன்."

மூலையில் சாப்பிடும் ஏட்டு பெருமூச்சு விடுகிறார். "இந்தம்மாவப் புடிச்சா அந்த மாசக் கேஸ் கணக்கு முடிஞ்சிரும். இப்ப கேஸுக்கு எங்க போறது?"

வாத்தியார் ஜெயித்துவிட்டவராக என்னைப் பார்க்கிறார். அப்போது வெளியே ஒருவர், வேட்டி அவிழ்வது தெரியாமல், நடுரோட்டில் லாரியை மறித்து அதனோடு சண்டை போடுகிறார். ஏட்டு உற்சாகமாகக் கை கழுவுகிறார்.

பாப்பாத்தியின் சிரிப்பு நின்றுவிடுகிறது. "எங்க வீட்டுக்காரரு சார். நான் காய்ச்சுன அம்புட்டு வருசமும் ஒரு சொட்டு தொட விட்டதில்ல. கிட்ட வந்தா அகப்பையாலயே அடிப்பேன். கவர்மெண்டு கடையில போயி யார அடிக்க?"

ஓடிப்போய் அவருடைய வேட்டியை இறுக்கிக் கட்டிவிடுகிறாள். பிறகு கையைப் பிடித்து அழைத்துவந்து, அவளே ஏட்டிடம் ஒப்படைக்கிறாள்.

"நாலு நாளு உள்ள வச்சிருங்க ஏட்டையா. அங்கதேன் சாராயக் கடை இல்ல."