காசிலிங்கத்தின் நாலு கேபி

பாளையங்கோட்டைத் தனியார் பொறியியல் கல்லூரியில் காசிலிங்கம் நடத்தும் பாடம் இயங்குதளம். இயங்குதளத்தின் மையமான கெர்னல், கணினியின் நினைவகத்தைச் சம அளவுப் பக்கங்களாக வெட்டி, எந்தப் பக்கம் எங்கே கிடக்கிறது என்று பக்க அட்டவணையில் குறித்துக்கொள்ளும் என்பார். "ஒரு பக்கம் நாலு கேபி, அதாவது நாலு கிலோபைட்டு. இத மறந்தவன் இன்ஜினியரே இல்லலே!" என்று மேசையில் தட்டுவார்.

தாமிரபரணி நீர்மட்டத்தைத் திரையில் காட்டும் கருவிக்கு அவரே நிரல் எழுதினார். நினைவகம் ஒதுக்க, ஊரெல்லாம் பயன்படுத்தும் ஆயத்த நிரல் நூலகம் அவருக்குக் கேவலம். சொந்தமாக ஒன்றை எழுதி, அதற்குத் தன் பெயரையே வைத்தார்.

கல்லூரி விழாவில், தாளாளர் முன்னிலையில், புதிதாக வாங்கிய கணினிப் போர்டில் அந்த நிரலை ஓட்டினார். தொடங்கிய நொடியே நின்றுபோனது. "வெயில் சார்," என்று அதன் மேல் மின்விசிறியைத் திருப்பினார். மறுபடியும் நின்றது. தாளாளர் காப்பி குடிக்கப் போய்விட்டார்.

காசிலிங்கம் போர்டை விற்ற கடைக்காரர் ரசீத் என்பவரைப் போனில் பிடித்தார்.

"என்னவே, ஓட்டப் போர்ட அனுப்பியிருக்கீரு?"

"போர்டு நல்லாத்தான் இருக்கு சார். இதே மாதிரிப் போர்டு எங்க கடையில ஓடுதுல்லா?"

"உமக்கு என்னவே தெரியும்!" என்று வைத்துவிட்டார்.

பக்கத்தில் நின்ற சக ஆசிரியை நஃபீஸத், "சார், இந்தக் கெர்னல்ல பக்கம் எவ்வளவு?" என்றார்.

"நாலு கேபி. இதெல்லாம் ஒரு கேள்வியா?"

"கெர்னல்ட்டயே கேட்டுப் பாப்பமே."

நஃபீஸத் ஒரு கட்டளையைத் தட்டிக் கேட்டார். பதினாறு கேபி என்றது.

காசிலிங்கத்துக்குக் காது சுட்டது. அவருடைய நிரல் எங்கும் நாலு கேபிக்கு 4096 பைட்டு என்றே எழுதி, அந்த அளவுத் துண்டுகளில் வாசிக்க, எழுதத் தனித்தனி அனுமதி கேட்டுக்கொண்டிருந்தது. இங்கே அட்டவணையில் பதினாறு கேபிக்கு ஒரு வரிதான். கால் பக்கத்துக்கு மட்டும் அனுமதி எழுத இடமில்லை. கெர்னல் மறுத்தது, நிரல் விழுந்தது.

"இந்தக் கெர்னல எழுதுனவன் எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்," என்றார்.

நஃபீஸத் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். பக்க அளவைக் கெர்னலிடமே கேட்டு வாங்கும்படி நிரலைத் திருத்தினார். திரையில் ஆற்றின் மட்டம் தெரிந்தது. பார்க்கத் தாளாளர்தான் இல்லை.

அடுத்த பருவத்தில் காசிலிங்கம் கல்லூரி கல்லூரியாகப் போய்ப் பேசினார். தலைப்பு: 'பக்க அளவை ஊகிக்காதீர்'. கடைசித் திரையில் பொடி எழுத்தில் நன்றி சொல்லியிருந்தார், நபீசா என்ற யாருக்கோ. ரசீத் இப்போதெல்லாம் அவர் போனை எடுப்பதே இல்லை.