கனகலிங்கம் சோதிக்காத பிளொப்பி

யாருடைய மேசையைக் கடந்தாலும் கனகலிங்கம் முதலில் பார்ப்பது கணினியின் வாயைத்தான். அதில் வெளியிலிருந்து வந்த பிளொப்பித் தட்டு செருகியிருந்தால் நின்றுவிடுவார். யார் தந்தது, எங்கே கிடந்தது என்று குடைந்தெடுத்துவிட்டுத் தன் அறைக்குக் கொண்டுபோய்ச் சோதித்த பிறகே திருப்பிக் கொடுப்பார்.

லண்டனில் ஒரு காப்புறுதிக் கம்பனி, தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு. அதன் கணினிகளுக்குள் வைரஸ் புகாமல் காப்பது அவர் உத்தியோகம். பதவியின் பெயரைச் சொல்லி முடிக்கவே மூச்சு வாங்கும். மனைவியிடம், "வாசலில காவல் நிக்கிற வோச்சர் வேலைதான் சிவகௌரி. துவக்கு மட்டும் தரேல்லை" என்பார்.

மேலாளர் கொண்டுவந்த பிளொப்பியையே சோதிக்காமல் உள்ளே விடாதவர். அவர் சட்டத்துக்கு வெளியே நின்றது தமிழ் ஒன்றுதான். கிங்ஸ்பரியில் கோயில் அலுவல்களைப் பார்க்கும் செல்வரத்தினம் தமிழ் எழுத்துருவைப் பிளொப்பியில் போட்டுக் கொடுத்து, கோயில் திருவிழா நோட்டீசை அடித்துத் தரச் சொன்னார். அந்தப் பிளொப்பி எத்தனை வீடு ஏறி இறங்கியதோ, கனகலிங்கம் கேட்கவில்லை.

"எங்கட ஆக்கள்ர சாமான். அதில என்ன வைரஸ்?" என்று சிவகௌரியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

நல்ல பிரின்டர் தட்டச்சுக்காரி மொறீனின் கணினியோடுதான் இருந்தது. அவள் மதியச் சாப்பாட்டுக்குப் போனதும் அங்கே உட்கார்ந்து அடித்து முடித்தார். முருகன் வேலும் மயிலுமாக அழகாக வந்திருந்தார்.

மொறீன் அடிக்கும் கடிதங்கள் பிளொப்பியில் ஏறித்தான் மற்ற மேசைகளுக்குப் போகும். வாரக் கடைசிக்குள் பாதிக் கணினிகள் படுத்துவிட்டன. எங்கிருந்து பரவியது என்று கண்டுபிடிக்கும் வேலை கனகலிங்கத்துக்கே வந்தது. கெட்டிக்காரர் அல்லவா, தேநீர் ஆறுவதற்குள் மொறீனின் மேசை என்று கண்டு மேலாளருக்கும் அறிவித்துவிட்டார். அதற்குப் பிறகுதான் அதே மேசையில் தான் நோட்டீஸ் அடித்தது நினைவுக்கு வந்தது.

விசாரணையில் மேலாளருக்குப் பக்கத்தில் நிபுணராக அவரை உட்கார்த்தினார்கள். எதிரே மொறீன், அழுத கண்ணோடு. ஏற்கெனவே ஒரு எச்சரிக்கை வாங்கியவள், இன்னொன்று வந்தால் வேலை போய்விடும். வெளிப் பிளொப்பி எதையும் தான் தொடவில்லை என்று அவள் சொன்னதை மேலாளர் நம்பவில்லை. நிபுணர் வாயைத் திறந்தால் நிபுணரின் வேலை போகும். கனகலிங்கத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இங்கிலிஷில் எப்படித் தொடங்குவது என்று தடுமாறினார்.

"நான்தான் விசரன், சோதிக்காமப் போட்டிட்டன்" என்று தமிழில் வாய் முந்திக்கொண்டது.

மேலாளர் விளங்காமல் பார்த்தார். கனகலிங்கம் எழுந்து, தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றிப் போய், மொறீனுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.