நீளம் கூடிப்போன அடிப்பலகை

1. முதல் வேலை

என் பட்டறைக்கு வந்த முதல் வாடிக்கையாளர் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி, ஓர் அட்டைப் பெட்டியைக் கைக்குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு வந்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"அக்கா, ஒடச்சுப்போட்டேனுங்க" என்றார்.

அவர் பெயர் யூசுப் பாய். உக்கடம் பக்கம் போல்ட் நட்டுக் கடை வைத்திருந்தார். ஓய்வு நேரத்தில் வீட்டு மாடியில் தண்டவாளம் போட்டு ரயில் ஓட்டுவதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. பெட்டியில் இருந்தது ஒன்றரை அடி நீளமுள்ள ஒரு நீராவி இன்ஜின் மாடலின் கிட். இரண்டு திரவங்களைக் கலந்து அச்சில் ஊற்றி இறுகவைக்கும் ரெசின் என்ற பிளாஸ்டிக்கில் செய்தது. பாய்லர், புகைபோக்கி, டிரைவர் கூண்டு எல்லாம் தனித்தனித் துண்டுகளாக இருந்தன. மோட்டாரும் சக்கரமும் கொண்ட இரும்புச் சேஸிஸ் மட்டும் ரெடிமேடாக வந்திருந்தது. செய்து விற்ற வெளிநாட்டுக்காரர் தொழிலையே நிறுத்திவிட்டாராம். எனவே இன்னொன்று கிடைக்காது.

பாய்லருக்கு அடியில் நீளவாக்கில் வரும் அடிப்பலகைதான் உடைந்திருந்தது. ஸ்கூட்டர் டிக்கியில் மத்தியான வெயிலில் வைத்ததில் அது வாழைப்பழம் மாதிரி வளைந்துவிட்டது. சூடாறிய பிறகு இவர் அதை மேஜையில் வைத்து அழுத்தி நேராக்கப் பார்த்திருக்கிறார்.

"வெந்நில போட்டிருந்தா வளைஞ்சு குடுத்திருக்குமுங்க பாய்" என்றேன்.

"இப்பப் போட்டா ஒட்டிக்குமாங்க?"

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். அடுத்த மாதம் பீளமேட்டில் ஒரு கல்லூரி ஹாலில், மாடல் ரயில் பைத்தியங்கள் எல்லாம் சேர்ந்து கண்காட்சி வைக்கிறார்கள். இந்த இன்ஜின் அங்கே ஓடியாக வேண்டும். ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

எனக்கும் அது ஓடியாக வேண்டும். பீளமேட்டில் ஒரு பம்பு கம்பெனியின் பெயின்டிங் பூத்தில் காலமெல்லாம் பச்சையும் நீலமும் அடித்து அலுத்துப்போய், பெரியநாயக்கன்பாளையத்தில் வீட்டை ஒட்டி ஒரு ஷெட் போட்டு, மாடல்களுக்குப் பெயின்ட் அடித்துத் தருவதாகக் கிளம்பியிருந்தேன். கம்பெனி மேனேஜர் நல்ல மனிதர். அதுதான் தொல்லை. "ஒரு ரெண்டு மாசம் பாருங்க சரோஜா. சரிவரலீன்னா பூத்துல உங்க இடம் அப்படியே இருக்கும்" என்றிருந்தார். திரும்பிப் போக வழி திறந்திருக்கிறது என்ற நினைப்பே என்னை அரித்தது. முதல் வேலையே சொதப்பினால் நானே அந்த வழியில் நடந்துவிடுவேன் என்று பயந்தேன்.

2. குளிப்பாட்டலும் பட்டியும்

ரெசினில் வேலை செய்ய வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். அச்சிலிருந்து சுலபமாகக் கழன்று வருவதற்காக ஓர் எண்ணெய் பூசுவார்கள். அது துண்டுகளின் மேல் ஒட்டியிருக்கும். அதைப் போக்காமல் பெயின்ட் அடித்தால் தோல் உரிவது போல உரியும். பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய பல் பிரஷ்ஷும் போதும். தேய்க்கும்போது எப்போதும் தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரில் தேயுங்கள். அந்தத் தூள் நெஞ்சுக்குள் போகக் கூடாது. காற்றுக் குமிழி இருந்த இடமெல்லாம் குண்டூசி முனையளவு ஓட்டைகள் இருக்கும். பட்டி வைத்து அடைத்து, தேய்த்து, பிரைமர் அடித்தால் மேலும் பத்து ஓட்டைகள் வெளியே வந்து பல்லைக் காட்டும். கோபப்படக் கூடாது. நான் பட்டேன், அதனால் ஓட்டை ஒன்றும் மூடவில்லை.

அடுத்தது பெயின்ட். பம்பு என்றால் தண்ணீரிலும் சேற்றிலும் கிடக்கும். அதற்குக் கனமாக அடிப்பதுதான் வழக்கம். அந்தக் கை சும்மா இருக்குமா? நல்லவேளை, ஒரு கழிவுத் துண்டில்தான் அடித்துப் பார்த்தேன். அதன் மேலிருந்த ரிவெட் புள்ளிகள் அத்தனையும் முழுகிப்போயின.

என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அவர் பேட்டர்ன் மேக்கர். ஃபவுண்டரியில் இரும்பை ஊற்றுவதற்கு முன்னால் மண்ணில் அச்சு எடுப்பார்களே, அதற்கு வேண்டிய உருவத்தை மரத்தில் செதுக்கிக் கொடுப்பவர்.

"ஏம்புள்ள, இன்ஜினக் கெணத்துக்குள்ள எறக்கப் போறியா?" என்றார்.

அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நான் தின்னரைக் கூட்டி, ஏர் பிரஷ்ஷில் பனி படிவது போலப் படியவைக்கப் பழகினேன். சிரிக்கட்டும், நமக்கும் ஒரு காலம் வரும் என்று இருந்தேன்.

3. பொருந்தாத ஓட்டைகள்

உடைந்த அடிப்பலகைக்குப் பதில் தேக்கில் புதிதாக ஒன்று செய்து தருவதாக என் வீட்டுக்காரரே முன்வந்தார். கிட்டோடு வந்த வரைபடத்தில் எல்லா அளவுகளும் மில்லிமீட்டரில் இருந்தன. ஷெட் ஓரத்தில் உட்கார்ந்து அளந்தார், அறுத்தார், இழைத்தார், திருகாணிக்கு ஓட்டை போட்டார். கை வைத்தால் வழுக்குகிற மாதிரி இருந்தது பலகை. நான் மரத்தின் ரேகை தெரியாமல் பட்டி பார்த்து, கறுப்படித்து, விளிம்பில் சிவப்புக் கோடு இழுத்தேன். அந்தக் கோட்டைப் பார்த்து எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

கண்காட்சி ஞாயிற்றுக்கிழமை. புதன்கிழமை காலையில் சேஸிஸின் மேல் பலகையை வைத்துத் திருகாணி மாட்டப் பார்த்தேன். முன் ஓட்டை பொருந்தியது, பின் ஓட்டை பொருந்தவில்லை. கூண்டை வைத்தால் அதற்கும் பாய்லருக்கும் நடுவில் சந்து தெரிந்தது.

"ஏனுங், கொஞ்சம் வாங்க. நீளமாட்ட இருக்குது" என்றேன்.

அவர் வந்து, தன் ஸ்கேலை வைத்துப் பலகையை அளந்தார்.

"அளவு கரெக்டா இருக்குது அம்மணி."

"பின்ன எதுக்குங்க ஓட்டை சேரல?"

சேஸிஸை அளந்தார். "இதுதான் குறைச்சல். வெளிநாட்டுக்காரன் தப்பாப் போட்டுட்டான்."

உடைந்த பழைய பலகையின் இரண்டு துண்டுகளையும் சேர்த்துவைத்து அளந்தார். அதுவும் குறைச்சல். "வெயில்ல சுருங்கிப்போச்சாட்ட இருக்குது" என்றார். பாய்லரை அளந்தார். அதுவும் குறைச்சல். உலகத்தில் அவர் செய்த பலகை ஒன்றுதான் சரியான அளவில் இருந்தது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. திங்கட்கிழமை மேனேஜருக்குப் போன் செய்வதாக மனதுக்குள் பேசிப் பார்க்கவும் ஆரம்பித்துவிட்டேன். சும்மா இருக்க முடியாமல் தையல் மிஷின் மேலிருந்த டேப்பை எடுத்து வந்து பலகையில் வைத்தேன். வரைபடத்தில் இருந்ததைவிட சுண்டுவிரல் நகத்தில் பாதி அகலம் அதிகமாகக் காட்டியது.

அவர் டேப்பைப் பார்த்தார். தன் ஸ்கேலைத் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

உருக்கிய இரும்பு ஆறும்போது சுருங்கும். அதனால் பேட்டர்னைக் கொஞ்சம் பெரிதாகவே செய்ய வேண்டும். ஒவ்வொரு அளவுக்கும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது என்று, கோடுகளையே சற்று எட்டி எட்டிப் போட்ட ஸ்கேல் ஒன்றை வைத்திருப்பார்கள். கன்ட்ராக்‌ஷன் ஸ்கேல் என்று பெயர். பார்த்தால் சாதாரண ஸ்கேல் மாதிரியே இருக்கும். இவர் கை வழக்கப்படி பையிலிருந்து அதைத்தான் எடுத்திருக்கிறது. செய்ததும் அதில்தான், சரிபார்த்ததும் அதில்தான்.

"ஏனுங் மாமா, இந்தத் தேக்கு எப்பங்க சூடாறிச் சுருங்கும்?" என்று கேட்டேன்.

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு அம்மணி வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். அழுகை எங்கே போனதென்று தெரியவில்லை.

4. ஞாயிற்றுக்கிழமை

நுனியை அறுத்துக் குறைத்தாலும் ஓட்டைகள் சேராது. ஆகவே அவர் அன்றே புதுப் பலகை செய்தார். ஒவ்வொரு அளவையும் என் தையல் டேப்பில் ஒருமுறை காட்டிவிட்டுத்தான் அறுத்தார். நான் கேட்காமலே காட்டினார், அதுதான் எனக்குப் பிடித்தது. அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. ஈரக் காற்றில் வார்னிஷ் அடித்தால் வெள்ளை பூத்துவிடும். சனிக்கிழமை பகலில் வெயில் எட்டிப் பார்த்த நேரமாகப் பார்த்து அடித்தேன்.

கல்லூரி ஹாலில் யூசுப் பாய் இன்ஜினைத் தண்டவாளத்தில் வைத்துவிட்டுக் கையை எடுக்கவே பயந்தார்.

"அக்கா, நீங்களே சுவிட்சப் போடுங்க. நான் தொட்டா ஒடஞ்சு போகுமுங்க."

நான் போட்டேன். இன்ஜின் ஒரு நொடி யோசித்தது. பிறகு மூன்று பெட்டிகளை இழுத்துக்கொண்டு, அட்டைக் குகைக்குள் நுழைந்து மறுபக்கம் வந்தது. கறுப்பில் விளக்கு வெளிச்சம் பட்டு ஒவ்வொரு ரிவெட்டும் தெரிந்தது. யூசுப் பாய் என் வீட்டுக்காரரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கூட்டத்தில் எங்கள் மேனேஜரும் மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். குனிந்து, கண்ணாடியைக் கழற்றி, இன்ஜின் இரண்டு சுற்று வரும்வரை பார்த்தார்.

"சரோஜா, பூத்துல அந்த இடத்துக்கு வேற ஆளப் போட்டரட்டுங்களா?"

"போட்டுருங்க சார்" என்றேன்.

நான் கற்றது இதுதான். எந்தக் கோலால் அளந்து செய்தோமோ அதை வைத்தே சரிபார்த்தால் உலகமே தப்பாகத்தான் தெரியும். வேறொருவர் கையிலுள்ள கோலை ஒருமுறை கேட்டு வாங்குங்கள். அது தையல் டேப்பாக இருந்தாலும் பரவாயில்லை.

அந்த முதல் பலகையைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. அதன் மேல் வெள்ளையில் 'சரோஜா மாடல் பெயின்டிங்' என்று எழுதினேன். என் பெயரைப் பெயின்டில் நான் எழுதியது அதுதான் முதல் தடவை. ஷெட் வாசலில் மாட்ட வீட்டுக்காரர் ஆணியோடு வந்தார். சுவரை அளக்கப் பைக்குள் கை விட்டவர், என்னைப் பார்த்ததும் வெறுங்கையை வெளியே எடுத்து நீட்டினார்.

"டேப்பக் குடு அம்மணி" என்றார்.