கொள்ளி வைக்க வந்தவன்

தொண்ணூற்றெட்டில் என் தம்பியை வைட்ஃபீல்டுக்கு அப்பால் ஒரு குடிமறப்பு இல்லத்தில் சேர்த்தோம். அவனுக்குக் குடியும் இருந்தது, காதில் குரல்களும் கேட்டன. மனநல மருத்துவர் முதலில் குடியை நிறுத்திவிட்டு வரச் சொன்னார். குடியை நிறுத்துகிறவர்களோ, குரல் கேட்பதெல்லாம் சாராயத்துக்காக நடிப்பது என்றார்கள்.

ஞாயிறுதோறும் அம்மாவும் நானும் ஸ்ரீராம்புரத்திலிருந்து பஸ் மாறிப் போய்ப் பார்த்து வருவோம். கண்காணிப்பாளர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அவரும் ஒரு காலத்தில் குடித்தவர்தான். அவர் முன்னால் தம்பி வாய் திறக்கமாட்டான். அம்மா அவனைக் கீழே உட்காரவைத்துத் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடுவாள்.

ஒரு ஞாயிறு அவள் விரல்கள் பின்மண்டையில் நின்றன. மெதுவாக இறங்கிச் சட்டைக் காலருக்குள் போய் வெளியே வந்தன. எண்ணெயில் சிவப்பு கலந்திருந்தது. முந்தானையில் துடைத்துக்கொண்டு, "தல ரொம்ப சூடா கீது" என்று மட்டும் சொன்னாள்.

"தனியா பேசினா நாலு போடுவோம்மா," என்றார் கண்காணிப்பாளர், எதையும் மறைக்காமல். "அப்பறம் கம்முனு ஆயிடுவான். வீட்ல செல்லம் குடுத்து கெடுத்துட்டீங்க."

கூட்டிப்போகிறோம் என்றேன். ஆறு மாதத்துக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டாயிற்று, வீட்டில் சாவு விழுந்தால் மட்டுமே நடுவில் அனுப்புவோம் என்றார்.

வீட்டில் இதைச் சொன்னதும் நைனா பீடியை அணைத்தார்.

"அப்ப நான் செத்துட்டேன்னு சொல்லு."

"வாயக் கழுவுய்யா," என்றாள் அம்மா.

"ஒரே புள்ள. கொள்ளி வைக்க உட்டுத்தான் ஆவணும். பொய்ச் சாவு சொன்னா ஆயுசு கூடும், தெரியுமா? உனக்குத்தான் கஷ்டம்."

அம்மா சிரிக்கவில்லை. மறுக்கவும் இல்லை.

புருஷன் செத்த வீட்டை விட்டு மனைவி வரமாட்டாள் என்பதால் மறுநாள் காலை நான் மட்டும் போனேன். கண்காணிப்பாளருக்குச் சொன்னதைத் தம்பியும் கேட்டுக்கொண்டு நின்றான். அவன் அழுத அழுகையைப் பார்த்து அவரே கேட்டைத் திறந்துவிட்டார். அவனைத் தோளில் தட்டிக்கொடுத்தார். தம்பி உடம்பைச் சுருக்கிக்கொண்டான்.

பஸ் நகர்ந்ததும் உண்மையைச் சொன்னேன்.

"நைனா நல்லா இருக்காருடா. உன்ன வெளிய எடுக்கத்தான் அப்படி சொன்னோம்."

"இல்லக்கா. காத்தாலயே எங்கிட்ட பேசினாரு. செத்துட்டேன்டான்னு சொன்னாரு."

வீட்டு வாசலில் நைனா நின்றுகொண்டிருந்தார். "வாடா, நான்தான்," என்று கையைப் பிடித்தார். தம்பி கையை உருவிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்து, "பாடி எங்கக்கா?" என்று என்னிடம் கேட்டான்.

முதுகில் புண்கள் ஆறின. இன்னொரு மருத்துவர் கிடைத்தார்; குடிப்பதைச் சொன்ன பிறகும் அவர் மாத்திரை கொடுத்தார். சில குரல்கள் அடங்கின. நைனாவின் குரல் மட்டும் அடங்கவில்லை. எதிரில் இருக்கும் நைனாவைத் தம்பி யாரோ பெரியவர் என்று மரியாதையாகவே நடத்தினான். மதியம் சாப்பிடும்முன் முதல் பிடி சோற்றை எடுத்துப்போய், செத்த தகப்பனுக்கென்று மதில்மேல் காக்கைக்கு வைப்பான். அவன் வந்து உட்காரும்வரை நைனா தட்டில் கை வைக்கமாட்டார்.

"கொழம்பு ஊத்தி வெச்சியா?" என்று கேட்பார்.

"ஊத்திட்டேங்க."