காலால் படித்தவள்

சென்ற வாரம் பேரனின் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு, அவனுக்கு டிஸ்லெக்சியா என்றார்கள். எழுத்துகள் பிடிபடாதாம், புத்திக்குக் குறைவில்லையாம். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானோ சிரித்துவிட்டேன். எழுபது வருஷமாக எனக்கு இருப்பதற்கு ஒரு பெயர் கிடைத்தால் சிரிப்பு வராதா?

டோல்கேட் பக்கம் எங்களுக்கு மளிகைக்கடை. அப்பா தெற்கேயிருந்து வந்தவர். கடையில் மல்லி, சீரகம், பெருங்காயம் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு வாசனையிலேயே சொல்லிவிடுவேன். பாடப்புத்தகத்தைத் திறந்தால்தான் வம்பு. ப, ய, ம மூன்றும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் போல நிற்கும். 'பயம்' என்பதை 'யமம்' என்று வாசித்து வகுப்பையே உருள வைத்திருக்கிறேன்.

ஐந்தாம் வகுப்பில், ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வரும் நாளில் வாசிக்காதவர்களுக்குத் தேர்ச்சி இல்லை என்று டீச்சர் சொல்லிவிட்டார். அப்பாவும், "படிப்பு ஏறலைன்னா வீட்டுல இருக்கட்டும்ளா" என்று அம்மாவிடம் முடிவாகச் சொன்னார். அன்று பெஞ்சில் தலையைக் கவிழ்த்து அழுதேன்.

பக்கத்தில் உட்காரும் கன்னியம்மா காசிமேட்டுக்காரி. அவள் அப்பா கட்டுமரத்தில் போகிறவர். "இன்னாத்துக்கு அய்வுற? வா எங்கூட" என்று சாயங்காலம் கடற்கரைக்கு இழுத்துப் போனாள். ஈர மணலில் உடைந்த துடுப்பால் படகளவுக்கு ஒரு 'ப', பக்கத்தில் ஒரு 'ய', ஒரு 'ம' கிழித்தாள்.

"மேல நட. நடந்துகினே சொல்லு. ப நேரா ஏறுது. ய நடுவுல ஒரு மேடு ஏறி எறங்குது. ம கடைசில வூட்டுக்குத் திரும்புது, பாத்தியா?"

பார்த்தபோது தெரியாதது நடந்தபோது தெரிந்தது! வலை உலர்த்தியவர்கள், "இன்னாமே, கோலமா?" என்று கேலி செய்தார்கள். நாங்கள் கருவாட்டு வாசனைக்கு நடுவே கத்திக்கொண்டு நடந்தோம். தப்பாக நடந்தால் அலை வந்து அழித்துவிடும். சிவப்பு மசி கிடையாது. தினமும் போனோம். எழுத்து சொல்லாயிற்று, சொல் வரியாயிற்று.

இன்ஸ்பெக்டர் வந்தார். என்னை எழுப்பினார். தரையில் கால் கட்டைவிரலால் ஒவ்வோர் எழுத்தாக இழுத்து இழுத்து வாசித்தேன்.

"காலை ஏம்மா தேய்க்கிறே?"

நான் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். கன்னியம்மா எழுந்தாள். "சார், அது காலால படிக்குது சார்! நேரமாவும், ஆனா வந்துரும் சார்!"

வகுப்பு சிரித்தது. இன்ஸ்பெக்டரும் சிரித்தார். "வரட்டுமே, எனக்கென்ன அவசரம்" என்று நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். மூச்சுவாங்க ஒரு பக்கம் முழுவதும் முடிக்கவும் பள்ளி மணி அடிக்கவும் சரியாக இருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல சத்தத்தில் மணியடித்து நான் கேட்டதில்லை.

அப்பா அன்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், "எம்மவ காலாலயே படிச்சுட்டால்லா!" என்று சொல்லிச் சொல்லிப் பொட்டலம் கட்டினார். என் படிப்பை நிறுத்தும் பேச்சு பிறகு எழவேயில்லை. கன்னியம்மாவின் இரண்டு கைகளும் கொள்ளாமல் கற்கண்டு அள்ளிக் கொடுத்தார்.

அவள் எண்ணூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். கடல் ஊருக்குள் ஏறுகிறதென்று நாங்கள் நடந்த கரை நெடுகக் கருங்கல்லைக் கொட்டிவிட்டார்கள். இப்போது அங்கே போனால் அலை நேராகப் பாறையில்தான் மோதுகிறது. ஓர் எழுத்து நடக்கும் அளவுக்குக்கூட மணல் இல்லை.